ஜசிந்தா சாய்ந்த சுவர்

மார்கழி மழை விடாமல் பெய்து, பங்கருக்குள் இருந்த எல்லாமே நனைந்து ஊறி, பொலித்தீனில் சுற்றி உரப்பைக்குள் வைத்த தீப்பெட்டிகூடக் குழைந்துபோன அந்தக் கிழமையில், பின்சுவரில் ஓரிடம் மட்டும் காய்ந்து கிடந்ததை ஜசிந்தாதான் முதலில் கண்டாள். காவலுக்கு நிற்கும்போது அவள் முதுகு சாய்க்கிற இடம் அது. சாம்பல் நிறக் களி, தோள் அகலத்துக்கு, வெயிலில் கவிழ்த்து வைத்த சட்டியைப்போல வெளிறியிருந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இளஞ்சூடு. ஆரோ இப்போதுதான் எழும்பிப்போன பாயைத் தொட்டதுபோல.

"என்னடி சுவரைத் தடவுறாய்?" என்று படுக்கைப் பொந்துக்குள்ளிருந்து ஞானம் கேட்டாள்.

"இஞ்சை காய்ஞ்சு கிடக்கு."

"அப்ப என்ரை காற்சட்டையை அதிலை காயப்போடு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அதோடு அந்தக் கதை முடிந்தது. அந்தக் களைப்பில் எதையும் நெடுநேரம் யோசிக்க ஒருவருக்கும் ஏலாமல் இருந்தது.

தொண்ணூறாம் ஆண்டு அது. ஊர்காவற்றுறைக் கரையில் நின்று பார்த்தால் ஒடுங்கின கடலுக்கு அங்காலை காரைநகர்க் கடற்படை முகாம் தெரியும். அங்கிருந்து படகு ஏறி வந்துவிடாமல் பார்க்க, இயக்கம் கரை நீளத்துக்கும் ஆட்களைக் குந்தவைத்திருந்தது. பங்கர் என்று பேர்தான். ஆள் நின்றால் தலை மறைகிற ஆழத்துக்கு வெட்டின நீட்டுக் கிடங்கு, அவ்வளவுதான். நடுவில் கடலைப் பார்க்கிற காவல் ஓட்டை. ஒரு தலைப்பில் பனங்குற்றி அடுக்கி மண் போட்ட பொந்து. அதற்குள் மூன்று பேர் முடங்கிப் படுக்கலாம். பொறுப்பாக இருந்தவள் கமலாதேவி, புங்குடுதீவுத் தோட்டக்காரரின் மகள், முழங்காலில் பழைய செல்லடிக் காயத்தோடு நொண்டி நொண்டி நடப்பவள். மற்ற இருவரும் அவளைக் கமலாக்கா என்பார்கள். ஞானம் என்கிற ஞானசவுந்தரிக்கு ஊர் நாரந்தனை. கூப்பிடு தூரத்தில் அவளுடைய வீடு ஓடு உடைந்து வெறுமையாகக் கிடந்தது. ஜசிந்தா மண்டைதீவு மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. மூவருக்கும் இயக்கம் வைத்த பேர்கள் வேறு இருந்தன. கிடங்குக்குள் அவற்றை ஒருவரும் பாவிக்கவில்லை.

அடியில் கணுக்கால் மூடத் தண்ணீர். வாளியால் அள்ளி ஊற்ற ஊற்ற உவர் ஊறும். சப்பாத்தைக் கழற்றினால் விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாய் வெந்து, சேற்றுப்புண் பிளந்து, காலில் ஒட்டின மேஸோடு தோலும் சேர்ந்து உரியும். தலையில் பேன், இடுப்பில் சிரங்கு. மாதவிலக்குக்குத் தோய்த்த துணி ஒருநாளும் காயாது. ஈரத்தோடேயே கட்டிக்கொள்ள வேண்டும். தோய்க்கச் சவுக்காரம் இல்லை, தலைக்கு எண்ணெய் இல்லை. ஊர்க் கிழவர் பஸ்ரியாம்பிள்ளை அப்பு சைக்கிளில் கட்டிக் கொண்டுவருகிற சோற்றுப் பார்சல், மழையில் வெள்ளமெல்லாம் தாண்டி வந்து சேரும்போது புளித்துப்போயிருக்கும். அதையும் வழித்துத் தின்பார்கள்.

இதையெல்லாம் பழகலாம். நித்திரையைத்தான் பழக ஏலாது. பசி வயிற்றோடு நின்றுவிடும். நித்திரை முழங்காலில் ஏறி, இடுப்பில் ஏறி, பிடரியில் குந்திக்கொண்டு காதுக்குள் ராராட்டுப் பாடும்.

ஞானத்துக்குக் காய்ச்சல் தொடங்கினதோடு மூன்று பேர் பார்த்த காவல் இரண்டு பேருக்கு வந்தது. கமலாக்காவின் முழங்கால் வீங்கியிருந்ததை ஜசிந்தா கண்டாள்.

"ஞானத்தின்ரை காவலையும் நானே நிக்கிறன் அக்கா."

"ஏலுமே உமக்கு?"

"ஏலும்."

பயிற்சி முகாமில் ஜசிந்தாவுக்குக் கணுக்கால் பிரண்டபோது, தன்னுடைய சுமையோடு அவளுடைய சுமையையும் தூக்கிக்கொண்டு நடந்து, ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டாதவள் ஞானம். ஆனபடியால் ஏலும் என்பதைத் தவிர வேறு சொல் ஜசிந்தாவின் வாயில் வரவில்லை.

பொழுதுபட்டதிலிருந்து நின்றாள். பொந்துக்கு மேல் கட்டின பொலித்தீனில் மழை விழுகிற சத்தம் ஒரே தாளத்தில், கரையில் ஒதுங்கின சாதாளைக் கடற்புல் அழுகிற மணம் காற்றோடு, அலை வந்து கல்லில் மோதித் திரும்புகிற இழுவை, இவையெல்லாம் சேர்ந்து அவளுடைய தலையைத் தண்ணீரில் அமத்துவதுபோல அமத்தின. முதுகைச் சாய்த்தாள். கொஞ்ச நேரம்தான் என்று நினைத்தாள். களி சற்று உள்வாங்கி அவளுடைய தோள்களை ஏற்றுக்கொண்டது. சூடு சட்டைக்குள்ளால் இடுப்புக்கு மேலே நாரியில் பரவியது. அந்தச் சூட்டுக்குள்ளே, எங்கிருந்தோ, தேங்காயெண்ணெய் வைத்து வாரின தலைமயிரின் மணம்.

கண்ணைத் திறந்தபோது விடிந்திருந்தது.

கையில் துவக்கு இல்லை. அது முன்னால், காவல் ஓட்டையில், குழல் கடலைப் பார்த்தபடி ஒழுங்காகச் சாத்தியிருந்தது. பிடியில் ஈரக்களி விரல் விரலாகப் பதிந்து கிடந்தது.

கமலாக்கா பொந்துக்குள்ளிருந்து தவழ்ந்து வெளியே வந்தாள். ஜசிந்தா ஏச்சுக்குக் காத்து நின்றாள்.

"நல்லா நிண்டனீர் பிள்ளை. இடையிலை எழும்பிப் பாத்தனான். மழை ஊத்துது, நீர் அசையாமல் நிக்கிறீர். கூப்பிட்டன், கையை மட்டும் உயத்திக் காட்டினீர்."

உண்மையைச் சொல்ல வாய் திறந்தாள். சொன்னால் அடுத்த காவலுக்குக் கமலாக்கா வீங்கின காலோடு தானே நிற்பாள். "ஓம் அக்கா," என்றாள். நித்திரையோடேயே எழும்பி நின்றிருக்கிறேன் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். நடந்துகொண்டே நித்திரை கொண்ட பிள்ளைகளை அவள் கண்டிருக்கிறாள்தானே. எண்ணெய் மணத்தைப் பற்றி யோசிக்கவில்லை.

அடுத்த காவலிலும் அப்படித்தான் நடந்தது. அதற்கடுத்ததிலும். முதலில் நித்திரையோடு மல்லுக்கட்டினாள், பிறகு கட்டவில்லை. சாய்ந்தால் சுவர் வாங்கிக்கொள்ளும். விடியக் கண் திறந்தால் துவக்கு ஓட்டையில் சாத்தியிருக்கும். கமலாக்கா தட்டிக்கொடுப்பாள். உடம்பில் இருந்த நோவெல்லாம் எங்கேயோ வடிந்துபோன ஒரு சுகம். அந்தச் சுகத்துக்காக, வெட்கத்தோடு, பொழுதுபடுவதற்குக் காத்திருக்கத் தொடங்கினாள்.

ஒரு பின்னேரம் மழை சற்று வெளித்து, மேகத்துக்குள்ளால் மஞ்சள் வெளிச்சம் சாய்ந்து கிடங்குக்குள் விழுந்தது. அப்போதுதான் அந்த இடத்தை ஒழுங்காகப் பார்த்தாள். அவளுடைய அச்சு சுவரில் ஒரு சாண் ஆழத்துக்குக் குடைந்திருந்தது. தோள்கள். இடுப்புப் பட்டி. முழங்கால் மடிகிற இடம். இரண்டு உள்ளங்கைகளும், ரேகை விளங்க. இவ்வளவும் சரிதான், ஈரக்களியில் நாள்தோறும் சாய்ந்தால் பதியும்தான் என்று நினைத்தபடி கண்ணை மேலே உயர்த்தினாள்.

நெற்றி. மூக்கு. திறந்த வாய்.

முதுகைச் சாய்த்தவளுடைய முகம் எப்படிப் பதியும்?

காலடியில் கிடந்த ஒரு தகர மூடியை எடுத்துச் சுரண்டினாள். களி ஓடுபோல இறுகியிருந்தது. மூடிதான் வளைந்தது. திறந்த வாயின் பள்ளத்துக்குள்ளே பல்லின் தடங்கள் வரிசையாகத் தெரிந்தன. மூடியைப் போட்டுவிட்டு, முதுகைச் சுவரில் படவிடாமல் பக்கவாட்டாக நடந்து பொந்துக்குள் போனாள்.

ஞானத்துக்கு அன்று காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. மழைத் தண்ணியில் பச்சையாய் ஊறவைத்த தேத்தண்ணியை வாயருகே பிடித்தாள் ஜசிந்தா.

"ஜசி," என்றாள் ஞானம் மெதுவாக. "என்னிலை ஏதும் கோவமே?"

"ஏன்டி?"

"இல்லை. நீ காவல் நிக்கேக்கை, நான் கண் முழிக்கிற நேரமெல்லாம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறாய். என்னையே பாத்துக்கொண்டு."

தேத்தண்ணி ஞானத்தின் கழுத்தில் வழிந்தது.

"சிரிச்சுக்கொண்டு," என்றாள் ஞானம்.

கமலாக்கா வாளியால் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள். ஜசிந்தா போய் அவளுடைய கையைப் பிடித்தாள். வருகிற தண்டனை வரட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான் நிக்கேல்லை அக்கா. நான் நித்திரை. எல்லா நாளும் நித்திரை."

"விசர்க்கதை கதையாதையும். நேற்று நான் வந்து உம்மட தோளிலை தட்டினனானெல்லே. சொட்டச் சொட்ட ஈரம். உள்ளுக்கை போய்ச் சட்டையை மாத்தும் எண்டனான்."

"நான் என்ன சொன்னனான்?"

கமலாக்கா வாளியை நிறுத்தினாள். யோசித்தாள். "ஒண்டும் சொல்லேல்லை. சிரிச்சனீர்."

பிறகு கமலாக்காவின் முகம் இளகியது. "நித்திரை இல்லாட்டி மனம் இப்பிடித்தான் பிரளும் பிள்ளை. எனக்கும் வந்தது. வோக்கி டோக்கியிலை எங்களை மாத்த ஆள் கேட்டனான். றோட்டெல்லாம் வெள்ளமாம், தண்ணி வடியட்டாம். இன்னும் கொஞ்சம் பொறும்."

சுவரில் இருந்த முகத்தைக் காட்டினாள் ஜசிந்தா. கமலாக்கா எட்டிப் பார்த்தாள். மேகம் மறுபடி மூடியிருந்தது. "நண்டு வளை," என்றாள்.

அன்று ஜசிந்தா மண்மூடைகளை இழுத்து வந்து அந்தப் பள்ளத்துக்குள் அடுக்கினாள். நாரி முறிய, நகம் பிளக்க, கால் முதல் தலை வரை இடைவெளி இல்லாமல் அடைத்தாள். காவலுக்கு எங்கும் சாயாமல் நடுவில் நின்றாள். தேயிலைத் தூளை வாய்க்குள் போட்டு மென்றாள். கண்ணுக்குள் உவர்த்தண்ணி விட்டாள். விடியும்வரை நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. மூடைகளுக்குப் பின்னால், மிக மெதுவாக, ஆரோ மூச்சை இழுத்து இழுத்து விடுகிற சத்தத்தைத் தவிர.

மறுநாள் மத்தியானம் பார்சல் வர வேண்டிய நேரம். பஸ்ரியாம்பிள்ளை அப்பு கிடங்கின் வளைவில் நின்று குரல் கொடுப்பார். ஒருத்தி போய் வாங்கி வருவாள். அன்று குரல் கேட்கவில்லை. தேடிக்கொண்டு போன ஜசிந்தா, அவர் சைக்கிளைத் திருப்புவதைக் கண்டாள்.

"அப்பு, பார்சல்?"

"இப்பத்தானே மோனை உம்மட கையிலை தந்தனான்." கிழவர் அவளை உற்றுப் பார்த்தார். பார்வை அவளுடைய கைகளில் வந்து நின்றது. "அதுக்கிடையிலை கழுவிப்போட்டீரே? முழங்கை மட்டும் களியாக் கிடந்தது."

அவள் திரும்பி ஓடினாள். தண்ணீர் சிதறியது. வளைவு தாண்டினாள்.

மண்மூடைகள் ஒன்றின்மேல் ஒன்றாக, பக்குவமாக இறக்கி அடுக்கியிருந்தன. மேல் மூடையில் மூன்று பார்சல். பின்சுவரில் பள்ளம் திறந்து கிடந்தது. காய்ந்து. வெளிறி. முந்தியதைவிட ஆழமாய்.

"ஜசிந்தா! ஓடிவாரும்!" பொந்துக்குள்ளிருந்து கமலாக்கா கத்தினாள்.

ஞானத்துக்கு வலிப்பு. பல் கிட்டி, கண் மேலே செருகிக் கிடந்தாள். மற்றதெல்லாம் மறந்து ஜசிந்தா அவளுடைய கால்களைப் பிடித்தாள். அப்புவைக் கூப்பிட்டு, சைக்கிளில் பொலித்தீனால் சுற்றி இருத்தி, பின்னுக்கு மருந்து இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்; ஒருவர் தள்ள ஒருவர் பிடிக்க வேண்டும். கமலாக்கா நொண்டிக்கொண்டு ஆயத்தமானாள்.

"அக்கா, நான் கொண்டுபோறன். என்னை இஞ்சை தனிய விடாதேங்கோ."

"வழியிலை மறிச்சுக் கேட்டால் நான்தான் மறுமொழி சொல்லவேணும், மருந்துக்காரரோடை கதைக்கவும் நான்தான் வேணும். கரையை வெறுமையா விட ஏலுமே?" கமலாக்கா அவளுடைய கன்னத்தைத் தொட்டாள். "பொழுதுபட முந்தி வந்திடுவன். நில்லும் பிள்ளை. கொஞ்ச நேரம்தானே."

சைக்கிள் சில்லு சேற்றில் இழுபடுகிற சத்தம் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போயிற்று.

ஜசிந்தா ஓட்டைக்கு முன்னால் நின்றாள். வெளியே பகல்தான். கடல் சாம்பலாய்க் கிடந்தது. துவக்கை நெஞ்சோடு அணைத்தாள். முதுகுப் பக்கம் சுவர்.

திரும்பக்கூடாது.

உதட்டைக் கடித்தாள். இரத்தம் உப்புக் கரித்தது. வாய்க்குள்ளே செபம் சொன்னாள். பாதியில் சொற்கள் குழம்பின. மறுபடி தொடங்கினாள். மறுபடி குழம்பின. முழங்கால் மடங்கியது. நிமிர்ந்தாள். மடங்கியது.

மழை விட்டது.

அத்தனை நாளாய்க் காதை அடைத்த சத்தம் நின்றதும், பின்னால் ஒரு சத்தம் கேட்டது. சேற்றில் புதைந்த காலை இழுத்து எடுக்கிற சத்தம். ஒரு கால். பொறுத்து, மற்றக் கால்.

திரும்பவில்லை.

எண்ணெய் மணம். பிடரியில் மூச்சு. குளிர்ந்த மூச்சு.

அவளுடைய தோளுக்கு மேலால் இரண்டு கைகள் வந்தன. களிக் கைகள். அவளுடைய நகம் பிளந்த அதே விரலில் நகம் பிளந்திருந்தது. அவை துவக்கைப் பிடித்தன. பறிக்கவில்லை. தூரத்திலிருந்து சுமந்து வந்தவளிடம் சுமையை வாங்குவதுபோல, மெல்ல, பொறுமையாக.

விடக்கூடாது என்று நினைத்தாள். கத்த வேண்டும். சுட வேண்டும்.

அவளுடைய விரல்கள் தாமாகவே கழன்றன. அவ்வளவு களைப்பு.

ஓரடி பின்னால் வைத்தாள். இன்னும் ஓரடி. சுவர் வாங்கிக்கொண்டது.

விழித்தபோது முதலில் கேட்டது கமலாக்காவின் குரல். அக்கா வந்திட்டா, என்று மனம் குளிர்ந்தது. கூப்பிட நினைத்தாள். வாய் அசையவில்லை. கை அசையவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது. இமைக்க ஏலவில்லை.

கிடங்கு அவளுக்கு முன்னால் இருந்தது. ஓட்டைக்குள்ளால் சாயங்காலக் கடல் தெரிந்தது. மண்மூடையில் ஞானம் சரிந்து கிடந்தாள்; ஊசி போட்டிருந்தார்கள், முகம் தெளிந்திருந்தது. அவளுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவள் ஜசிந்தா. ஜசிந்தாவின் சட்டை. ஜசிந்தாவின் மடித்துக் கட்டின பின்னல். அந்தப் பின்னல் எண்ணெயில் நனைந்து பளபளத்தது.

"மேலை கொண்டுபோக வழியில்லை, வெள்ளம் எண்டு திருப்பி அனுப்பிப்போட்டினம்," என்று கமலாக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு பின்சுவரைப் பார்த்தாள். ஜசிந்தாவின் கண்ணுக்குள்ளேயே நேராகப் பார்த்தாள். "இது குடைஞ்சு கொண்டுபோகுது. இண்டைக்கு அடைக்காட்டி முழுக்கச் சரிஞ்சிடும். களி அள்ளிக்கொண்டு வாரும் பிள்ளை."

மடியில் இருந்த தலையை இறக்கி வைத்துவிட்டு அது எழும்பியது. இரண்டு கையாலும் களி அள்ளி வந்தது. கமலாக்காவும் அள்ளினாள். காலில் தொடங்கினார்கள். முழங்கால். இடுப்பு. குளிர்ந்த களி, சப்புச் சப்பென்று. கமலாக்கா உள்ளங்கையால் அழுத்தித் தடவினாள். நெஞ்சில் அவளுடைய கை பட்டது. அங்கே துடித்ததை அவள் உணரவில்லை.

"அக்கா," என்றாள் ஞானம் ஈனக் குரலில். "அந்தச் சுவருக்குக் கண் இருக்கு."

"காய்ச்சல் இன்னும் விடேல்லை. கண்ணை மூடு."

கழுத்து. வாய். வாய்க்குள் களி. அப்போது ஜசிந்தா தன் முதுகுப் பக்கம் ஒன்றை உணர்ந்தாள். அவளுக்குப் பின்னால், மண்ணுக்குள்ளே, இன்னொரு முதுகு. சூடாக. அதற்கு அப்பால் இன்னொன்று. ஒன்றோடொன்று சாய்ந்து, நெருங்கி, கரை நீளத்துக்கும்.

"நான் கொஞ்சம் சரியிறன்," என்றாள் கமலாக்கா, களைத்துப்போன குரலில். "மிச்சத்தைப் பூசிப்போட்டுக் காவலைப் பாரும்." நொண்டி நொண்டிப் பொந்துக்குள் போனாள். படுத்ததும் குறட்டை கேட்டது.

மிச்சம் ஒரு கண்தான். மற்றது மூடியாயிற்று.

அது களியோடு வந்தது. சுவருக்கு முன்னால் நின்று சிரித்தது. பிறகு, பூசாமல், திரும்பிப் போனது. கடலுக்கு முதுகைக் காட்டியபடி ஞானத்துக்குப் பக்கத்தில் குந்தியது. அவளுடைய கக்கத்துக்குள் கை கொடுத்து மெல்லத் தூக்கியது. ஞானம் நடுங்கிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் விட்டுக் குளிர் பிடிக்கிற நடுக்கம். நித்திரைக் கண்ணோடு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"குளிருது ஜசி."

அது அவளைப் பின்சுவருக்குக் கொண்டுவந்தது. ஜசிந்தாவுக்குப் பக்கத்தில், புதுக் களி பூசின இடத்தில், தோள்களைப் பிடித்து நிறுத்தியது. முதல் தடவையாக அது வாய் திறந்தது. குரல் ஜசிந்தாவின் குரல்தான்.

"சாய்ஞ்சு படு. இஞ்சை சூடாக் கிடக்கு."

ஞானம் சாய்ந்தாள். களி மெல்ல உள்வாங்கியது. அவளுடைய தோள் வந்து ஜசிந்தாவின் தோளில் பட்டது. நடுக்கம் நின்றது. ஒரு நீண்ட மூச்சு விட்டாள், எத்தனையோ நாளைக்குப் பிறகு சுகமாக நித்திரை வருகிறவளைப்போல. அவளுடைய காதோரம், அவளைச் சுற்றி, ஈரக்களி வெளிறிக் காயத் தொடங்கியது.